பச்சை விளக்கும் முப்பத்தொரு கட்டைவிரலும்

ஜூலை 6, ஞாயிறு

காலை வரை மழை. ஆராதனை முடிந்து நேராக ஆஜர் எடுக்கிற மஸ்டர் ஷெட். மெஷின்காரத் தம்பி ஏலப்பாறையிலிருந்து ஜீப்பில் வந்திருந்தார். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கென்று கைக்கடக்கமான கம்ப்யூட்டர். போனை விடத் தடிமன், கழுத்தில் மாட்ட வார். பறிக்கிற பெண் கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு, பெயர் வரும், தராசிலிருந்து எடை தானாக ஏறும். ஆள் தெரியாவிட்டால் சிவப்பு, கூடவே ஒரு கூவல்.

மானேஜர் (நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளில் இன்னும் துரைதான்) சொன்னது: என் குரூப்பில் நாலு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு இதை எல்லா டிவிஷனுக்கும் வாங்கலாமா என்று படிவத்தில் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். சூப்பர்வைசர் ஆகி மூன்று மாதம், இன்னும் ப்ரொபேஷன். கொழுந்து பறித்தவளிடம் கம்பெனி கருத்துக் கேட்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை, பொய் சொல்வானேன்.

இன்று விரல் பதிவு என்று நேற்றே லயம் லயமாகப் போய்ச் சொல்லி வைத்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்து, கறை போகக் கழுவிவிட்டு வாருங்கள், வெளியாள் முன்னால் மானத்தை வாங்காதீர்கள் என்று. முப்பத்தொரு பேரும் கல்யாண வீட்டுக்குப் போகிற கையோடு வந்தார்கள். எல்லாருடைய விரலும் முதல் அழுத்திலேயே பதிந்தது.

மறக்கக் கூடாது: காலில் ஏறுகிற அட்டைக்கு உப்பு. பூட்ஸ் ஓட்டை. மகள் ஜெனிக்கு யூனிபார்ம் பட்டன்.

ஜூலை 7, திங்கள்

சாரல். அட்டை அதிகம். பத்தரை மணிக்கு நிறுவை.

பச்சை 9. சிவப்பு 22.

ராசாத்தி அக்கா இருபத்தாறு வருஷமாகப் பறிக்கிறவர், குரூப்பிலேயே அதிகம் பறிப்பவர். பதினோரு தடவை வைத்துப் பார்த்தார். சேலையில் துடைத்து, ஊதி, மறுபடி. கூவல்தான். "என்னட்டி இது, என்னைய யாருன்னே தெரியலங்கு?" எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

போனில் மெஷின்காரத் தம்பி: "சேச்சி, சோப்பிட்டு நல்லா கழுகிட்டு வைக்கச் சொல்லு." மலைச்சரிவில் சோப்புக்கு எங்கே போக? ஓடைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தோம். விரல் விறைத்ததுதான் மிச்சம். வரிசை நகரவில்லை, சாக்குக்குள் கொழுந்து சூடேறிக் கெடுகிறது.

பழைய நோட்டில் 22 பேர் எடையையும் எழுதிக்கொண்டிருந்தேன். கிளார்க் சார் பார்த்துவிட்டார். "எஸ்தரே, புஸ்தகம் வேண்டா. மெஷினில் இல்லெங்கில் ஆளு இல்ல." அதாவது சிவப்பு விழுந்தவள் இன்று வேலைக்கே வரவில்லை. மழையில் நனைந்தது யாராம்? கேட்டேன். நோட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, அவர் திரும்பிய பிறகு மிச்சத்தையும் எழுதினேன்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. பச்சை 7.

சாப்பாட்டு நேரத்தில் ராசாத்தி அக்கா கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ரேகை முழுக்கக் கொழுந்துக் கறை, கொழுந்து வெட்டுகிற கத்திரி பிடித்த வெடிப்பு. அப்போதுதான் உறைத்தது. மெஷினுக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமைக் கை. அந்தக் கையை அதற்குக் காட்டியது நான். மானம் மானம் என்று பறந்தேனே, இப்போது இருபத்துச் சொச்சம் பேர் சம்பளத்தில் வந்து நிற்கிறது.

மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். அக்கா: "நாங்களும் சேத்துத்தான தேச்சோம். கறைக் கையின்னா எங்களுக்கும்லா வெக்கம்." திட்டியிருந்தால் தேவலை.

நேர்மையாகப் பார்த்தால்:
- நல்லது: எடையைக் குறைக்காது. 'சாக்குக்கு, ஈரத்துக்கு' என்று கிளார்க் இஷ்டத்துக்குக் கழிக்கிற வேலை நடக்காது. இதற்காகவே வாங்கலாம்.
- நல்லது: பாட்டரி நாள் முழுக்க நின்றது. மழையிலும் கெடவில்லை.
- கெட்டது: ஆளைத் தெரியவில்லை.
மூன்றாவது ஒன்று போதும் எல்லாவற்றையும் கவிழ்க்க.

கறைக் கையோடு திரும்பப் பதியச் சொன்னேன். கிளார்க்: தம்பி இனி அடுத்த மாதம்தான் வருவார்.

ஜூலை 9, புதன்

பச்சை 8. துரை கூப்பிட்டார். சொன்ன நாலு நாள் முடியவே இல்லை, அதற்குள் படிவம் தயாராக மேசையில். 'மிகத் திருப்தி' என்று டைப் அடித்தாகிவிட்டது. என் கையெழுத்துக்கு மட்டும் இடம்.

"சைன் பண்ணு எஸ்தர். ஹெட் ஆபீஸுக்கு இன்னைக்குப் போகணும்."

"மெஷின்ல ஆளே ஏற மாட்டேங்கே சார்."

மெஷினில் ஏற்கெனவே பதிந்திருந்த தன் விரலை வைத்துக் காட்டினார். பச்சை. பார்த்தாயா என்று ஒரு பார்வை.

"ஒரு மணி நேரம் கொழுந்து பறிச்சிட்டு வந்து வைங்க சார்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. துரை முகம் சிவந்தது. "நீ ப்ரொபேஷன்ல இருக்கேன்னு ஓர்மை இருக்கா?"

இருக்கிறது. கூடை கட்டத் தெரியும், திரும்பப் போனால் குடி முழுகிப் போகாது என்றேன். கையெழுத்துப் போடவில்லை.

ஜூலை 10, வியாழன்

மூடல் பனி. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை.

பத்தரை. நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. ராசாத்தி அக்கா சாக்கைத் தராசில் ஏற்றாமல் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக. பச்சை விழுகிற எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். விரல் வைக்க ஆள் இல்லை. அக்கா: "இந்தக் கையப் பதியட்டும், பொறவு நிறுக்கலாம்." கிளார்க் கத்திப் பார்த்தார். பன்னிரண்டு ஆகியும் யாரும் அசையவில்லை. பாக்டரியிலிருந்து கொழுந்து எங்கே என்று போன் மேல் போன், ஆபீஸிலிருந்து தம்பிக்குப் போன்.

அடுத்த மாதம் வர வேண்டிய தம்பி இரண்டரைக்கு ஜீப்பில் வந்து இறங்கினார்.

முதலில் ராசாத்தி அக்கா. தம்பி பையிலிருந்து பஞ்சை எடுத்து அக்கா விரலைத் துடைக்கப் போனார். அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"தொடைக்காதீங்க தம்பி. நாளைக்கும் இந்தக் கைதான் வரும்."

பதிந்தது. வைத்துப் பார்த்தார், பச்சை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

31ல் 27 பச்சை. நாலு பேருக்கு ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது. அவர்களுக்கு? தம்பி தயங்கி, "விரலுக்குப் பதிலா ஆளோட நம்பர் அடிச்சாலும் எடுக்கும் சேச்சி. அத பூட்டி வைக்கான் ஆபீஸ்ல பறஞ்சு" என்றார். ஆபீஸ் சொல்லித்தான் பூட்டியிருக்கிறார்கள். நாலு நாளாக அந்தப் பூட்டு தெரிந்துதான் கிளார்க் 'ஆளு இல்ல' என்றாரா? வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. பூட்டை எல்லார் முன்னாலும் திறக்க வைத்தேன். நாலு பேரும் எண்ணை அடித்தார்கள், எடை ஏறியது.

துரையிடம் வேறு படிவம் கேட்டு வாங்கித் தமிழில் எழுதினேன்: 'வாங்கலாம். வேலை நேரத்துக் கையைப் பதிந்தால் மட்டும். எண் வசதியைப் பூட்டினால் வேண்டாம். மூன்று நாள் விட்டுப்போன எடை என் நோட்டில் இருக்கிறது, ஏற்ற வேண்டும்.' கீழே கையெழுத்து.

படித்தார். ப்ரொபேஷன் இன்னும் ஆறு மாதம் நீளும் என்றார்.

"நீளட்டும் சார். நோட்டை எங்க வந்து வாசிக்கணும், இங்கயா ஹெட் ஆபீஸ்லயா?" என்று கேட்டேன்.