சாக்லேட் வாசனைக் குடுக்கை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? துராங்கோவில் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒஹாக்காவில் நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் எங்கள் மேலாளர் எர்னானோடு, மெஸ்கல் சாராயம் வடிக்கும் லியோகாதியா அம்மாள் வீட்டுக்கு ருசி பார்த்து வாங்கப் போனேன். அம்மாள் அதை நாணல் குழாயால் உறிஞ்சிச் சுரைக்குடுக்கையில் பீய்ச்சினார். நல்ல சரக்கென்றால் முத்து முத்தாக நிற்கவேண்டிய குமிழ்கள் உடனே உடைந்துவிட்டன.

"தண்ணி கலந்திருக்கும்மா. எங்களுக்கு வேண்டாம்," என்றார் எர்னான்.

அம்மாளின் முகம் செத்துவிட்டது. அந்த ஒரு வடிப்புக்காகக் குடும்பமே ஒரு மாதம் உழைத்திருந்தது.

நான் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தேன். சுட்ட கற்றாழையும் புகையும் மழை நனைத்த கல்லும் மணந்தன. கலப்படச் சரக்கு இப்படி மணக்காது. குடுக்கையையும் முகர்ந்து பார்த்தேன். எர்னான் முன்னால் வாயே திறக்காத நான் சொல்லிவிட்டேன்:

"சார், குடுக்கையில சாக்லேட் வாசம் வருது. அந்தக் கொழுப்புல குமிழ் நிக்காது."

அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "யோவ் ஃபாஸ்தோ, காலையில சாக்லேட்ட எதுல குடிச்ச?"

"கைக்கு எட்டினதுல."

"என் மானத்தையும் சேத்துக் குடிச்சிருக்க!"

வேறு குடுக்கையில் ஊற்றினார்கள். முத்துகள் அசையாமல் நின்றன. எர்னான் முழு வடிப்பையும் எடுத்துக்கொண்டார். அப்படியொரு மெஸ்கலை நான் இதுவரை ருசித்ததில்லை, அப்பா.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. சுட்டு உலர்த்திய மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். கூடவே, நீங்கள் சோளக்கஞ்சி குடிக்கும் குடுக்கையையும். அதைக் கழுவ வேண்டாம்.

மகள்,
எவேலியா