குளிர்விப்பான் இல்லை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முட்டிவலி எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுவதாக நானாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

உன் ஆய்வகத்துப் பெட்டி வேலை செய்கிறதடி! சரக்குக் கிடங்குக்குப் பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கும் கடைசித் தெரு உனக்குத் தெரியும். ஃபைபரில் போகும் வெளிச்சம் அவ்வளவு தூரம் போவதற்குள் செத்துவிடுகிறது, நடுவில் அதைப் பெருக்கிவிட ஒரு கருவி வேண்டும், அந்தக் கருவி சூடு தாங்காது, அதற்கு ஏசி அறை கட்ட முடியாது என்று நான்கு வருஷமாக எங்கள் இன்டர்நெட் கம்பெனி கை விரித்தது. அதே தூரத்தில் இருக்கும் அதிகாரிகள் குடியிருப்புக்கு மட்டும் அறை கட்டினார்கள். அங்கே கருவிக்கு ஏசி, இங்கே மனுஷனுக்கே காற்றாடி ஓடாது.

வியாழக்கிழமைக்குள் சோதித்துக் காட்டாவிட்டால் அந்தத் தெருவுக்குச் சாத்தியமில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். உங்கள் பெருக்கிப் பெட்டி திங்களே வந்துவிட்டது, ஆனால் ஸ்டோர்காரர், நாங்கள் முத்திரை என்று கூப்பிடுவோமே அவர், குளிர்விப்பான் இல்லை என்று நீங்கள் பெட்டிமேல் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு, பாகம் குறைவு என்று குத்தித் திருப்பி அனுப்புகிற அடுக்கில் வைத்துவிட்டார். புதன்கிழமை போய்ச் சண்டை போட்டேன். இல்லைன்னு அவங்களே எழுதியிருக்காங்க, பாதிப் பொருளை வாங்கிட்டு நாளைக்கு நானா பதில் சொல்றது என்கிறார். சூட்டிலேயே வேலை செய்கிற மாதிரி உள்ளே இருக்கும் சிப்பைச் செய்திருக்கிறார்கள், குளிர்விப்பான் தேவையே இல்லை, அதுதான் அதன் பெருமை என்றேன். சக்கரம் இல்லாத காரும் பெருமையாம்மா என்று கேட்டார். உங்க தலையில முடி இல்லையே, பாகம் குறைவுன்னு உங்களைத் திருப்பி அனுப்பிடலாமா என்றேன். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்து, பாகம் குறைவு என்ற முத்திரையைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கொடுத்தார்.

வியாழன் உச்சி வெயிலில் தெருமுனைத் தகரப் பெட்டிக்குள் ஐம்பத்தெட்டு டிகிரி. இரண்டு பக்கமும் ஃபைபரை ஒட்டி மின்சாரம் கொடுத்துவிட்டு, கடைசி வீட்டுத் தையல்காரியிடம் ஓடினேன். வெளிச்சத்தின் அளவில் மைனஸ் ஏற ஏற வெளிச்சம் குறைவு, மைனஸ் இருபத்தேழுக்குள் இருந்தால்தான் மோடம் பிடிக்கும், அங்கே எப்போதும் மைனஸ் முப்பத்துநான்கு. மீட்டரைச் சொருகினேன், மைனஸ் இருபத்திரண்டு! நம்பாமல் முனையைத் துடைத்துத் திரும்பச் சொருகினேன், அதே இருபத்திரண்டு. சிவப்பு விளக்கு அணைந்து பச்சை நின்றது, இரண்டு மணி நேரம் அசையவில்லை. தையல்காரியின் மகள் இத்தனை நாள் நர்ஸ் படிப்புப் பாடத்தைப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் பார்த்தாள். இனிமே நெட் வரலைன்னு சாக்குச் சொல்ல முடியாதேன்னு அவ அழப்போறா என்று தாய்க்காரி சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர்.

மேலாளர் வந்து படம் எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு, சோதனை முடிந்ததும் இதைக் கழற்றி அதிகாரிகள் குடியிருப்பில் மாட்டுங்கள், ஏசி செலவு மிச்சம் என்கிறார். எனக்கு வந்ததே கோபம். கழற்ற வேண்டுமானால் ஒட்டியவளின் கையெழுத்து வேண்டும், போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோடை முழுக்கச் சோதனை நடக்க வேண்டும் என்று உங்கள் ஆய்வகத் தாளில் ஒரு கடிதம் உடனே வாங்கி அனுப்பு, இவர்கள் தாளுக்குத்தான் பயப்படுவார்கள். இதே மாதிரி வெளிச்சம் எட்டாத தெரு இன்னும் பதினொன்று இருக்கிறது, மறக்காதே.

நீ நல்லா இருக்கணும், உன் கை செய்வதெல்லாம் இப்படியே பச்சை காட்டட்டும். என் கையெழுத்து இப்போதைக்கு இந்தக் கடிதத்துக்கு மட்டும்தான்.

உன் அம்மா