அல்லியங்கோதையின் திருத்தாத ஏடு

காரையாற்று நாட்டை ஆளும் செங்கோவேளின் ஆணையால், அவருடைய ஓலைகளை எழுதும் ஓலைநாயகி நன்முல்லை, வெண்குன்றத்துச் செய்யுட்சாலையின் தலைவர் பேராசான் மருதங்கண்ணனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் குன்றில் மழை பொய்யாதிருக்க; தங்கள் ஏடுகளைச் செல் தீண்டாதிருக்க.

இந்நாட்டு அல்லியங்கோதையை இரண்டாண்டு மேற்படிப்பில் சேர்த்துக்கொள்வதாகத் தாங்கள் விடுத்த இசைவோலை கிடைத்தது. அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். காரணம் சொல்லக் கடமைப்பட்டவள் ஓலைநாயகியே.

கோதை சென்ற கார்காலத்தில் ஐந்து வயது மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள். மேலே பயில அவளுக்கு இரு வழிகள் இருந்தன. துறைநகரத்துச் செய்யுட்சாலையில் ஓராண்டு புகழ்ப்பா கற்றால் அரசவையில் இருக்கை உறுதி. வெண்குன்றத்தில் அப்படி ஏதும் இல்லை. எழுதியவர் வாய் திறவாமல் நடுவில் அமர்ந்திருக்க, உடன் பயிலும் பதினொருவர் அவர் ஏட்டை அலசுவது மட்டுமே உண்டு. மகளைப் பற்றி எழுதிவிட்டு அங்கே அமர்ந்திருக்க இயலுமா என்று ஓலைநாயகி வினவினாள். வீட்டில் எல்லோரும் குழந்தையின் பெயரையே எடுப்பதில்லை என்றும், அங்கேயாவது பதினொரு பேர் அவளைப் பற்றிப் பேசுவார்கள் என்றும் கோதை விடையளித்தாள். துறைநகரத்து இடத்தை அன்றே துறந்தாள்.

அரண்மனை வழியே செல்லும் ஏட்டைப் படியெடுத்து, பிழை நீக்கி அனுப்புவது ஓலைநாயகியின் நெடுநாள் வழக்கம். தங்கள் சாலையில் சேர்வதற்காக மகளைப் பற்றிக் கோதை எழுதித் தந்த ஏட்டில் ஒரு வரி இருந்தது: கஞ்சியில் உப்பில்லை என்றாள், உப்பு எடுத்து வருவதற்குள் போய்விட்டாள். அந்த இடத்தில் எழுத்தாணி நின்றுவிட்டது. பொழுது சாயத் தாமரை கூம்பிற்று என்று மாற்றி எழுதினாள். அழகுக்காகச் செய்ததாக அன்று நம்பினாள். தன்னால் அவ்வரியைத் தாங்க முடியவில்லை என்பது பின்னரே விளங்கிற்று.

தங்கள் இசைவோலை அந்தத் தாமரையையே வியந்திருந்தது. அதைப் படிக்கக் கேட்டு, வரி மாறியதை அறிந்த கோதை சினக்கவில்லை. தன் மகள் தாமரை இல்லை, வாயாடி என்றும், அவளைப் படிக்காமல் தந்த இடம் தனக்கு வேண்டாம் என்றும் மெல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு நெடுநேரம் ஓலைநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது வசையைவிட வலித்தது.

ஆகவே அவள் கைப்பட எழுதிய ஏட்டையே அனுப்புகிறோம். முதன்முறை காண்பதுபோல் படித்து முடிவு செய்க. இரக்கத்தால் இடம் தர வேண்டா. மறுத்தால் அவளுக்கு இவ்வாண்டு வேறு சாலை இல்லை. அதை அறிந்தே அனுப்பச் சொன்னாள். விடை எதுவாயினும் அரண்மனைக்கு அனுப்பாமல் அவள் கையிலேயே சேர்க்க என்பது அரசர் ஆணை.

ஏட்டுக்குக் கயிறு கட்டியவள் கோதை. ஓலைநாயகி அதைப் பிரிக்கவில்லை. முடிச்சின்மேல் அரக்கு வார்த்து அரசமுத்திரை மட்டும் பதித்தாள்.