கையால் நீந்தியவன்

மாமல்லபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஷாரோனுக்கு அப்பா எழுதுவது.

உன் ஜெரோம் மாமா செத்தது நம் கடையில் விற்ற வலையில் மாட்டி. அன்றைக்குப் போனில் அம்மா உன்னிடம் தண்ணீருக்குள் மூச்சு முட்டிவிட்டது என்று மட்டும் சொன்னாள், அப்போது அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நலம்கூடக் கேட்காமல் அப்பா இப்படி ஆரம்பிக்கிறாரே என்று நினைக்காதே, மற்றதையெல்லாம் முதலில் எழுதினால் இதை எழுதாமலே கடிதத்தை முடித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, நீ அந்த நார்வேக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறாயா. நீ என்னோடு பேசி ஒன்பது மாதம் ஆகிறது, அடக்கத்தன்று கூட அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிட்டாய், அதனால்தான் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

போன வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மாமா வழக்கம்போல மூன்று சக்கர வண்டியில் கரைக்கு வந்து ஜெயக்குமார் படகில் ஏறித் தெற்குப் பாறைக்குச் சிப்பி எடுக்கப் போனான். நாவலூர் ஓட்டல் ஒன்றில் முப்பது கிலோ கேட்டிருந்தார்கள். மூன்று முறை முங்கி எழுந்தான், நான்காவது முறை எழவில்லை. ஜெயக்குமார் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டானாம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, உன் மாமா படகுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் எழுந்து "இன்னா அண்ணாத்த, பயந்துகினு கீறியா" என்று கேட்கிற ஆள்தானே. அப்புறம் குதித்துப் பார்த்தால் பாறை இடுக்கில் யாரோ அறுத்துவிட்டுப் போன பழைய நைலான் நரம்பு வலை, கண்ணாடி மாதிரி, கைக்குத் தட்டுகிற வரைக்கும் அங்கே இருப்பதே தெரியாது. இரண்டு கையையும் தோள்வரை சுற்றியிருந்தது. வேறு ஆளாயிருந்தால் பாறையில் காலை ஊன்றி உந்தி ஒரு கையையாவது உருவியிருப்பான். இவனுக்கு ஊன்றக் கால் ஏது. கத்தி இடுப்பிலேயே இருந்தது, கை போனால்தானே.

மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவன், வயல் வேலைக்கு ஆகமாட்டான் என்று வீட்டிலேயே ஒதுக்கி வைத்தவனை, கொளவாய் ஏரித் தண்ணீர்தான் ஆளாக்கியது. தண்ணீரில் இறங்கினால் கால் பின்னால் வால் மாதிரி வரும், கைதான் எல்லாம். பத்து வயதில் நீ நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மாமா தண்ணிக்குள்ள பறக்குறாரு என்று கத்திக்கொண்டு எழுந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ கடல் பறவை படிக்கப் போனது அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று உன் அம்மா சொல்வாள். போன வருஷம் நீ அனுப்பிய வீடியோவை நானும் அவனும் கடையில் உட்கார்ந்துதான் பார்த்தோம். லொம்வி என்று பெயர் சொன்னாயே, அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவை. மேலே இருக்கும்போது இறக்கையை விரித்துப் படபடவென்று அடிக்கிறது, தண்ணீருக்குள் போனதும் அதே இறக்கையைப் பாதி மடக்கிக்கொண்டு நிதானமாக ஒவ்வொரு வீச்சாக வீசிப் போகிறது, கால் இரண்டும் சும்மா பின்னால் திசை காட்டிக்கொண்டு வருகிறது. உன் மாமா விழுந்து விழுந்து சிரித்தான், "இன்னா மாமா இது, என்னியே காப்பி அடிச்சுகினு கீது, அதுகிட்ட பீஸு வாங்கு" என்று. அதை இன்னொரு தரம் போடு, இன்னொரு தரம் போடு என்று ஆறு தரம் பார்த்தான்.

அதற்கப்புறம்தான் நீ அந்தப் பேச்சை எடுத்தாய், இந்த மாதிரிப் பறவை நரம்பு வலையில் மாட்டிச் சாகிறது, விற்காதீங்க அப்பா என்று. நான் வியாபாரி, உடனே கணக்காய்ப் பேசினேன், நம் ஊரில் நீர்க்காகம் தினமும் முங்குகிறதே, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே என்றேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய், நீர்க்காகம் இறக்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு காலால் உதைத்துப் போகிறது, லொம்விக்கு இறக்கைதான் துடுப்பு, அது சிக்கினால் அதற்கு வேறு ஒன்றும் கிடையாது என்று. நான்தான், "நம்ம கடல்ல லொம்வியும் இல்ல கிம்வியும் இல்ல, உன்னிய படிக்க வச்சதே இந்த வலதான்" என்று சொல்லிவிட்டேன், நீ போனை வைத்துவிட்டாய். இல்லை என்று சொன்னேன். ஒன்று இருந்தது. நம் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நம் வலை என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். நம்மிடம் வாங்கிய வலை பழுதானால் மாற்றித் தருகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து பக்கத்துக் கடை வலையைக் கொண்டுவந்து என் தலையில் கட்டப் பார்த்தார்கள். அதனால் ஒவ்வொரு வலையின் மூலையிலும் சிவப்பு நூலில் இரட்டை முடிச்சுப் போட்டுவைக்கும் வழக்கம் வந்தது, ஒருத்தனும் என்னை ஏமாற்றிவிடக் கூடாது என்று. ஜெயக்குமார் கரையில் வைத்து வலையை அறுத்தபோது அந்த முடிச்சு என் கையில் வந்தது. யாரும் பார்க்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மூன்று நாள் அந்தச் சட்டையைத் துவைக்கப் போடாமல் வைத்திருந்தேன், நான்காம் நாள் அம்மா தானே எடுத்துப் பையைத் துழாவிவிட்டாள். அந்த முடிச்சைப் போடுகிறவள் யார் என்று உனக்குத் தெரியும். "இது நான் கட்டுனதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஆமாம் ரெபேக்கா என்றேன். தம்பியை அடக்கம் பண்ணும்போது அழுதவள் அப்போது அழவில்லை, நூல்கண்டை எடுத்து அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவில்லை, என்னோடு சாப்பிட உட்காருவதும் இல்லை, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

நீ அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, அவ்வளவு தூரத்திலிருந்து யாராலும் வந்திருக்க முடியாது. நீயும் பறவைக்காகத் தண்ணீரில் இறங்குகிறாய் என்று அம்மா சொன்னாள், கூட ஓர் ஆள் இல்லாமல் இறங்காதே, வேளைக்குச் சாப்பிடு. எனக்குப் போன் பண்ண வேண்டும் என்று இல்லை. அம்மாவுக்குப் பண்ணு, மாமாவைப் பற்றிப் பேசவிடு, என்னைப் பற்றி அவள் ஏதாவது திட்டினால் தடுக்காதே. அந்த வீடியோவை அவளுக்கு மறுபடியும் அனுப்பு, அவன் போனில் இருந்தது, அவனைப் படகில் ஏற்றுகிற அவசரத்தில் போனோடு கடலில் போய்விட்டது. நீ இறங்குகிற தண்ணீரிலும் ஏறுகிற கரையிலும் கர்த்தர் உன்கூட இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஏசுபாதம்.

பி.கு.: ஞாயிறு மாலை மீனவர்களைக் கூட்டி முடிச்சைக் காட்டி நடந்ததைச் சொன்னேன், பேசி முடித்தது இது. ஒன்றாம் தேதியிலிருந்து நம் கடையில் நரம்பு வலை இல்லை, நான் விற்காவிட்டால் வேறு கடையில் வாங்குவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெற்குப் பாறையைச் சுற்றி இனி யாரும் வலை விடுவதில்லை. கடலில் அறுந்துபோன வலையை எடுத்துவந்தால் நான் காசு கொடுத்து வாங்கிக்கொள்வேன், அவர்கள் நூறு கேட்டார்கள், நான் அறுபது என்றேன், கடைசியில் கிலோவுக்கு எண்பது ரூபாய் என்று முடிந்தது, மூலையில் எந்தக் கடை முடிச்சு இருந்தாலும் சரி.