குழிக்கு ஒரு கொட்டை

அக்கா,

இன்று பிரதோஷம். புளியோதரைக்குப் புளி ஆய்ந்துகொண்டிருந்தேன். எழுந்திருக்கும்போது பார்க்கிறேன், கை தன்பாட்டுக்குக் கொட்டைகளை ஐந்து ஐந்தாகக் கூட்டிவைத்திருக்கிறது. "என்ன அத்தை, புளியங்கொட்டைக்கும் கணக்கா?" என்று மருமகள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அவளிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோது, மூத்த மருமகளான நீங்கள் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. மாதவிலக்கு நாள் மூன்றும் கொல்லைப்புற அறையில் தனியே இருப்பீர்கள். நீங்கள் அங்கே போனாலே இந்த மாதமும் இல்லை என்று வீட்டுக்கே தெரிந்துவிடும். யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், பார்ப்பார்கள்.

எனக்குப் பூஜை வேலை. உங்களைத் தொடக்கூடாது. அதனால் கிணற்றடியில் தள்ளி உட்கார்ந்து, "மூணாவது குழியை எடுங்கக்கா" என்பேன். பல்லாங்குழிப் பலகையில் எனக்கும் சேர்த்து நீங்களே போட்டு ஆடுவீர்கள். தொடங்கும்முன் புளியங்கொட்டைகளை எண்ணச் சொல்வேன். "எழுபதும் இருக்குடி, கணக்குப்புள்ள. உன் சொத்த நான் தின்னுட மாட்டேன்."

ஒருமுறை உங்களுக்கு நாள் தள்ளிப்போயிற்று. காலண்டரைப் பார்த்து நான்தான் எண்ணிவந்தேன். திருவிடைமருதூர் போய் மகாலிங்க சுவாமியிடம் இருவரும் வேண்டிக்கொண்டு வந்தோம். ஐம்பத்திரண்டாம் நாள் கரு கலைந்து, நீங்கள் மறுபடி அந்த அறைக்குப் போனீர்கள்.

என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. வழக்கம்போல எட்ட உட்கார்ந்து, "ஆடலாமாக்கா?" என்று கேட்டேன். அதைப் போய்க் கேட்டேனே!

நீங்கள் மறுக்கவில்லை. தோற்றுக்கொண்டே வந்தீர்கள். கடைசியில் உங்களிடம் நான்கு கொட்டைதான். ஒரு குழிக்கு ஐந்து வேண்டும். அதற்கும் இல்லாதவள் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடலாம். நம் வீட்டில் அதைக் கஞ்சி காய்ச்சுவது என்போம். எதிராளி எத்தனை வைத்திருந்தாலும் அவளும் குழிக்கு ஒன்றுதான் போட வேண்டும்.

உங்கள் நான்கையும் போட்டீர்கள். எனக்காகப் போட எடுத்தபோது கொட்டைகள் கை தவறிச் சிதறின. நீங்கள் பொறுக்கவில்லை.

"என் கஞ்சிய நான் காய்ச்சிட்டேன். உன்னோடதையும் நானேதான் காய்ச்சணுமா?"

அன்று வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து, திரி போட்டு, விளக்கைத் தயாராக வைத்திருந்தேன். எழுந்திருக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்தச் சற்று நேரம்தான் இன்றும் உறுத்துகிறது. பிறகு உங்கள் அறைக்குள் வந்தேன். கொட்டைகளைப் பொறுக்கி என் பக்கம் குழிக்கு ஒன்றாகப் போட்டேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொட்டுட்டியேடி! விளக்கு?"

"குளிச்சிட்டு ஏத்திக்கிறேன்க்கா."

அப்போதுதான் நீங்கள் அழுதீர்கள்.

பொழுது சாய்வதற்குள் மறுபடி குளித்து விளக்கேற்றினேன். மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சாமி ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து நான் கிணற்றடியில் உட்காரவில்லை.

உங்கள் கடைசி நாளில், ஆஸ்பத்திரியில், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்று நர்ஸ் சொன்னார். நான் நகரவில்லை. இப்போதும் துக்கம் நடந்த வீட்டுக்குப் போனால் என்ன பேசுவதென்று எனக்குத் தெரிவதில்லை, அக்கா. நேரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன். அதற்கு மட்டும் இப்போது யோசிப்பதில்லை.