பூனை விழுகிற இடம்

மார்ச் 3, செவ்வாய்

ஒருவழியாகப் பூனை வந்துவிட்டது!

எத்தனை நாள் தேடல். இன்று சாயங்காலம் எமுலேட்டரில் ஓடியது. சின்ன வயதில் நானும் அக்காவும் பட்டன் தேயத் தேய ஆடிய ஆட்டம். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த பெயர் எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தது. அதனால் நாங்களே 'திருட்டுப் பூனை' என்று பெயர் வைத்துக்கொண்டோம். துறைமுகத்தில் மீன் திருடுகிற பூனை. மொத்தம் நாலே நிறம். மூக்கு ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் எவ்வளவு திமிர்!

எமுலேட்டர் என்பது இன்றைய கம்ப்யூட்டரை அந்தக் காலத்துப் பெட்டி மாதிரி நடிக்கவைக்கிற மென்பொருள், அவ்வளவுதான். நல்ல நடிகன். பழைய பெட்டியின் கோளாறுகளைக்கூட விடாமல் நடிக்கிறது. திரையில் நாய்கள் கூட்டமாக வந்தால் பழைய பெட்டி திணறும், ஆட்டம் மெதுவாகும். இதிலும் அப்படியே. அதைச் சரிசெய்ய ஒரு வசதி இருக்கிறது, நான் தொடவில்லை. நாய்கள் வரும்போது ஆட்டம் மெதுவாவதுதான் எங்களுக்கு மூச்சு விடுகிற நேரம். அதைப் போய்ச் சரிசெய்வார்களா?

இன்னொரு வசதியும் இருக்கிறது. நினைத்த இடத்தில் நிறுத்திச் சேமித்துக்கொள்ளலாம். செத்தால் அங்கிருந்தே தொடங்கலாம். எனக்கு இது ஆகவே ஆகாது. மூன்று உயிர். மூன்றும் போனால் முதலிலிருந்து. அதுதான் ஆட்டம். "இந்த வீட்டுல சேமிப்புங்கிற பேச்சே கிடையாது" என்று சபதம் போட்டேன்.

"அது எனக்குக் கல்யாணமான வருஷமே தெரிஞ்சு போச்சு" என்றாள் மனைவி.

மார்ச் 5, வியாழன்

கிரேன் ஏறுவதற்கு முன் சூப்பர்வைசர் நிறுத்தினார். என்னைவிடச் சின்னவர். நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னை 'அண்ணே' என்பார்; இருவருக்கும் மரியாதை கெடவில்லை.

"அண்ணே, கீழ கன்ட்ரோல் ரூம்ல ஒரு சீட் காலியாவுது. சீனியர் ஒருத்தர் பேரை மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும். வர்றீங்களா?"

"நான் கீழ வந்துட்டா மேல கொக்கி தனியா அழும் சார்" என்று சிரித்துவிட்டு ஏறிவிட்டேன்.

கீழே ஏசி இருக்கிறது, சாய்ந்துகொள்ள நாற்காலி இருக்கிறது. இருக்கட்டும். மேலே என் கேபினில் காலடியில் கண்ணாடி. அதன் வழியாக யார்டு முழுவதும் தெரியும். கைக்கு ஒன்றாக இரண்டு ஜாய்ஸ்டிக். கப்பலிலிருந்து வரும் இரும்புச் சுருளையும் மரப்பெட்டியையும் கொக்கியில் தூக்கி, முட்டையை வைப்பது போல லாரியில் வைக்கவேண்டும். இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்!

பூனை ஆட்டத்தின் நாலாவது கட்டத்திலும் ஒரு கிரேன் உண்டு. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அதன் கொக்கி ஊசலாடும். பூனை தாவி அதைப் பிடித்து அந்தப் பக்கம் போகவேண்டும். அந்தக் கொக்கியைப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன் என்று விசிலிடம் அடிக்கடி அளப்பேன். விசில், கீழே நின்று எனக்குச் சைகை காட்டுபவன். கையில் வாக்கிடாக்கி வந்த பிறகும் ஊதுவதை விடாததால் அந்தப் பெயர்.

மார்ச் 7, சனி

நாலாவது கட்டம். கொக்கி. விழுந்தேன். மறுபடி விழுந்தேன். மூன்றாவது உயிரும் தண்ணீரில்.

பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து அதே கொக்கி. அதே தண்ணீர்.

எனக்கு வராத தாவலா இது? நேற்று நடந்தது போல நினைவிருக்கிறது. நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். அக்கா பின்னால் பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். பூனை கொக்கியைப் பிடிக்கும், 'டிங்' என்று ஒரு சத்தம். நான் இரண்டு கையையும் தட்டிக் குதிப்பேன். "கத்தாதடா" என்பாள் அக்கா. இத்தனையும் நினைவிருக்கிற எனக்கு, எப்போது பட்டனை அழுத்தினேன் என்பது மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

கண்ணா? கையா? வயசா?

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "தினம் ஒரு பி-காம்ப்ளெக்ஸ் போடுங்க." போட்டுக்கொண்டேன். பூனை போடவில்லை போலும், மறுபடி விழுந்தது.

மார்ச் 10, செவ்வாய்

இன்று ஒரு மரப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று அந்த எண்ணம் வந்தது. வீட்டில் கட்டைவிரல் நேரத்துக்கு வேலை செய்யவில்லை. இங்கே மட்டும் செய்யும் என்று என்ன நிச்சயம்? கை அப்படியே நின்றுவிட்டது. பெட்டி அந்தரத்தில்.

வாக்கிடாக்கியில் விசில்: "தலைவா, பெட்டிய எறக்கறியா, இல்ல தொட்டில் கட்டி ஆட்டறியா?"

சிரித்தேன். ஆனால் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால், அவனுடைய மஞ்சள் தொப்பிதான் தெரிந்தது. என் கை தாமதித்தால் நஷ்டம் எனக்கில்லை, அந்தத் தொப்பிக்கு.

மார்ச் 12, வியாழன்

தொழிலாளர்களுக்கான வருடாந்தர மருத்துவப் பரிசோதனை. டாக்டர் கண்ணில் வெளிச்சம் அடித்தார், காதில் ஏதோ கேட்கவைத்தார், சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளியது. "ஒண்ணும் குறையில்ல, நல்லா இருக்கீங்க" என்றார்.

முழங்காலைத் தட்டிப் பார்த்தவருக்கு என் கட்டைவிரலைப் பற்றி என்ன தெரியும்?

மார்ச் 14, சனி

கண்டுபிடித்துவிட்டேன்! வயசுமில்லை, ஒரு மண்ணுமில்லை. குற்றவாளி டிவி!

என்னைப் போன்ற பழைய ஆட்டப் பைத்தியங்கள் எழுதுகிற இணையதளம் ஒன்று இருக்கிறது. அங்கே படித்தேன். புது டிவிகள் படத்தை உடனே காட்டுவதில்லையாம். முதலில் வழவழவென்று மெருகேற்றி, பவுடர் பூசி, பிறகுதான் வெளியே அனுப்புமாம். சினிமா பார்க்கிறவனுக்கு அது தெரியாது. ஆட்டக்காரனுக்கு உயிர் போகும். நான் பார்க்கும் கொக்கி கொஞ்சம் முன்னால் இருந்த கொக்கி. எப்படித் தாவும் பூனை?

டிவியில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் மெருகு வேலையை நிறுத்திவிடும். போட்டேன். ஆஹா. பட்டனைத் தொட்டதும் பூனை துள்ளுகிறது. சந்தோஷத்தில் மனைவியை இழுத்து வந்து காட்டினேன். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றாள். பரவாயில்லை.

நாளை காலை, கொக்கி.

மார்ச் 15, ஞாயிறு

விழுந்தேன்.

மார்ச் 18, புதன்

கேம் மோடும் அரைகுறைதான் என்கிறார்கள். முழு நியாயம் வேண்டுமானால் பழைய குண்டு டிவிதான். அதில் தாமதம் என்பதே கிடையாது.

விசில் வீட்டில் ஒன்று மீன்தொட்டிக்கு ஸ்டாண்டாக இருந்தது. மீன்களுக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டு இன்று அதை எங்கள் மாடிக்கு ஏற்றினோம். இரும்புச் சுருளை விரல் நுனியில் தூக்குகிற நானும், அதற்குச் சைகை காட்டுகிற அவனும், ஒரு டிவியோடு படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டோம். "லெஃப்ட்ல விடு, லெஃப்ட்ல!" என்று அவன் கத்த, யாருடைய லெஃப்ட் என்று நான் கேட்க, பக்கத்து வீட்டுக்காரர் வந்து மீட்டார். போகும்போது விசில் ஊதிவிட்டுப் போனான்.

நல்லவேளை, என் சின்னக் கம்ப்யூட்டரில் பழைய டிவிகளுக்குப் போகிற மஞ்சள் ஒயருக்கு இடம் இருக்கிறது. செருகினேன். படம் வந்தது. புது டிவியில் பூனை சதுரம் சதுரமாக வெட்டிய மாதிரி இருக்கும். இதில் ஓரமெல்லாம் லேசாகக் கரைந்து, ரோமமே இருப்பது போல. மூக்குப் புள்ளி ஈரமாக மின்னுகிறது! வரைந்தவன் இந்தக் கண்ணாடிக்கென்றே வரைந்திருக்கிறான். இத்தனை வருடம் கழித்து அது எனக்குத் தெரிகிறது.

நாய்களைத் தாண்டினேன். கப்பல் ஏறினேன். கொக்கி வந்தது.

தண்ணீர்.

மார்ச் 20, வெள்ளி

டிவி மேல் குற்றமில்லை.

மார்ச் 23, திங்கள்

என்னால முடியல. எழுதிடறேன், எழுதினாலாவது பாரம் குறையுமான்னு பார்ப்போம்.

பயமா இருக்கு. கேபின்ல உட்கார்ந்தா கை வியர்க்குது. முன்னெல்லாம் நினைக்காமலே செய்த வேலையை இப்ப நினைச்சு நினைச்சுச் செய்யறேன். லாரிகள் வரிசை கட்டி நிக்குது. விசில்கூட இன்னைக்குக் கிண்டல் பண்ணல, "உடம்பு சரியில்லையா?"ன்னு மட்டும் கேட்டான். அதுதான் தாங்கல.

மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்; சிரிக்கவில்லை.

"டாக்டர் சொன்னதை நம்பாம, ஒரு பூனை சொல்றதையா நம்புவீங்க?"

"டாக்டர் என்னை சின்ன வயசுல பார்த்ததில்ல. பூனை பார்த்திருக்கு."

இந்தத் தடவை அவள் மாத்திரையும் தரவில்லை.

முடிவு செய்துவிட்டேன். கீழே வந்துவிடுகிறேன். அந்தக் கண்ணாடித் தரையை விட்டு வருவது எனக்கு உயிர் போகிற காரியம்தான். ஆனால் விசிலுக்கு ஒன்று ஆனால் அதன்பிறகு நான் எந்த நாற்காலியிலும் உட்கார முடியாது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். "நிஜமாவா அண்ணே? நல்லா யோசிச்சுக்குங்க. அடுத்த திங்கக்கிழமை பேரை அனுப்பறேன்" என்றார்.

மார்ச் 26, வியாழன்

பூனையைத் தொடவில்லை. டிவி மேல் துண்டு போட்டு மூடியாயிற்று.

மார்ச் 29, ஞாயிறு

அக்கா வந்தாள்.

கோர்ட்டில் தட்டச்சு வேலை பார்க்கிறாள். இத்தனை வருடம் வக்கீல்களின் கேள்விகளைத் தட்டித் தட்டி, அதே தோரணை அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட நமக்குக் கூண்டில் நிற்பது போலிருக்கும். வந்ததும் துண்டை விலக்கி, "இது எதுக்குடா இந்தக் காலத்துல?" என்றாள். போட்டுக் காட்டினேன்.

"ஏய்! நம்ம பூனை!"

மூட்டுவலி என்று சோபாவில் சாய்ந்திருந்தவள், தரையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மனைவி சமையலறையிலிருந்தபடியே புகார் வாசித்தாள்: "இந்தப் பூனையாலதான் அண்ணி, நாளைக்கு இவர் கிரேனையே விடப் போறாரு." நான் மிச்சத்தைச் சொன்னேன். கை, வயசு, டிவி, விசிலின் தொப்பி, எல்லாம். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சரி. ஆடு. பார்க்கறேன்."

ஆடினேன். அவள் பக்கத்திலிருந்து "நாய், நாய்!" என்று கத்தினாள். எனக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. மீனை எடுத்தேன், கப்பல் ஏறினேன். கொக்கி ஊசலாடி வந்தது.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நான் எதுவும் யோசிக்கவில்லை. என் கை தானாகப் பக்கவாட்டில் நீண்டது. ஜாய்ஸ்டிக்கை அக்கா வாங்கிக்கொண்டாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. கொக்கி விலகிப் போகும்போதே பட்டனைத் தட்டினாள். பூனை வெறும் காற்றில் பறந்தது, கொக்கி திரும்பி வந்தது, 'டிங்'. நான் இரண்டு கையையும் தட்டிக் குதித்தேன்.

"கத்தாதடா" என்று சொல்லி ஜாய்ஸ்டிக்கை என்னிடமே நீட்டினாள்.

சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு நின்றிருந்தாள். "இப்ப என்ன நடந்துச்சு?" என்றாள்.

அக்கா வக்கீல் தோரணையில் ஆரம்பித்தாள்.

"சின்ன வயசுல பூனை கொக்கியப் பிடிச்சதும் நீ கை தட்டுவியா, மாட்டியா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு."

"ஆமா."

"ரெண்டு கையாலயும்?"

"ஆமா."

"அப்ப ஜாய்ஸ்டிக் யார் கையில இருந்துச்சு?"

என் கையில் இருந்த ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தேன்.

"ஒரு தடவைகூட நீ அதைத் தாண்டினதில்லடா! கொக்கி வந்தா 'அக்கா'ன்னு கையை நீட்டுவே. நான் தாண்டிக் குடுத்துட்டு வீட்டுப்பாடம் எழுதப் போயிடுவேன். வராத வித்தை எப்படிடா வயசாகி மறந்துபோகும்?"

சிரிக்க ஆரம்பித்தோம். மனைவி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாதி சிரிப்பு, பாதி வேறு. இந்தக் கையையா நான் சந்தேகப்பட்டேன்? அதற்கு எல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. மறந்தவன் நான்.

மார்ச் 30, திங்கள்

"கீழே வரல சார்" என்றேன்.

"என்னண்ணே ஆச்சு?"

"எங்க அக்கா கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க."

அவருக்குப் புரியவில்லை. சந்தோஷப்பட்டார். மேலே போய் உட்கார்ந்தேன், கை வியர்க்கவில்லை. மதியத்துக்குள் லாரி வரிசை தீர்ந்துவிட்டது. கடைசிப் பெட்டி இறங்கியதும் விசில் ஊதினான், வாக்கிடாக்கிக்குள்ளேயே. காது இன்னும் வலிக்கிறது.

ஏப்ரல் 4, சனி

சாயங்காலம் பூனை ஆடினேன். நாய்கள் கூட்டமாக வந்தன, ஆட்டம் மெதுவானது, மூச்சு விட்டேன். கப்பல் ஏறினேன். ஒரு உயிரும் போகவில்லை. கொக்கி ஆடிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, தொடவே மாட்டேன் என்று சபதம் போட்ட அந்தச் 'சேமி'யை அழுத்தினேன். பெயர் கேட்டது. 'அக்கா' என்று அடித்தேன்.

அவள் அடுத்த மாதம் வருகிறாள். கொக்கி அதுவரை அந்தரத்தில் நிற்கட்டும்.