கிணற்றடியில் சிவக்கும் பூ

தோஸ்த், இன்றைக்கும் காலையில் உன் செடியில் ஒரு வெள்ளைப் பூவைப் பறித்து டம்ளர் தண்ணீரில் போட்டேன். மத்தியானம் ரோஸ் ஆனது. இப்போது விளக்கு வைக்கிற நேரம், நன்றாகச் சிவந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகியும் இந்தப் பூ உன் பக்கம்தான் பேசுகிறது.

காட்பாடியிலிருந்து ஒரு குச்சியைக் கொண்டுவந்து, நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றோரம் நட்டாய். பருத்தி மாதிரி இலை, தொட்டால் மெல்லிய சுணை. ரோஜா மாதிரி அடுக்குப் பூ. காலையில் வெள்ளை, சாயங்காலம் சிவப்பு. எந்த ஊர்ப் பூ இப்படிச் செய்யும்? நீயோ தோல் பதனிடுகிற ஷாப்பில் சாயம் போடுகிற ஆள். நகக்கண்ணில் எப்போதும் ஒரு கலர். நீ சாயத் தண்ணீரைக் கொண்டுவந்து வேரில் ஊற்றுகிறாய், அது கிணற்றில் இறங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

எதில் கொண்டுவருகிறாய் என்று உன் டிபன் கேரியரை மோந்து பார்த்தேன். செடியடி மண்ணைக் கிள்ளி வெள்ளைத் துணியில் தேய்த்தேன். கலர் ஒட்டவில்லை. கெட்டிக்காரன், மேலே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான் என்று நினைத்தேன். கிணற்றை விட்டுவிட்டு என் வீட்டுக்காரியைத் தெருமுனை பம்புக்கு அனுப்பினேன்.

"பூவப் பாத்து தண்ணிய நிறுத்தனவன் நீ ஒருத்தன்தான்யா," என்று குடத்தை இறக்கினாள்.

எட்டாம் நாள் நீயே வந்தாய். "இன்னாப்பா, கெணத்துப் பக்கமே காணோம்?"

"உன் கலர் தண்ணிய நீயே குடி," என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் விரிந்த பூ ஒன்றைப் பறித்து நீட்டினாய். "பம்புத் தண்ணில போட்டு உன் வூட்லயே வை. பக்கத்துலயே குந்து."

குந்தினேன். சிவந்தது.

வேலை விட்டு வந்து எட்டிப் பார்த்தாய். "தண்ணி மேல சந்தேகம்னா பரவால்ல. என் புள்ளைங்க குடிக்கிற கெணத்துல நானே ஊத்துவேன்னு நெனச்ச பாரு."

தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "டம்ளர்ல இன்னா கலந்த?" என்று கிண்டல் பண்ணினேன். அதற்கப்புறமும் பேசினோம், டீ குடித்தோம். ஆனால் என் முன்னால் உட்காரும்போதெல்லாம் நகக்கண் சாயம் தெரியாமல் விரலை மடக்கி வைத்துக்கொள்வாய்.

அதனால்தான் தினம் ஒரு பூ. ஒரே ஒரு நாள் வெள்ளையாகவே நின்றுவிட்டால் நான் நினைத்தது சரி என்று ஆகிவிடுமே. போன மழையில், குளிருக்கு, நாலு மணி வரைக்கும் ஒன்று வெள்ளையாகவே இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததும் அதுவும் சிவந்தது.

தப்பு என்னுதுதான், தோஸ்த். விரலை நீட்டி உட்காரு.